பாலிடெக்னிக் (பாலி) டிப்ளோமாவோடு வேலையா, நான்கு ஆண்டு டிகிரியா?

ஈசூன்வாசி: மகளுக்கு பாலியில் மெக்கானிக்கல் கடைசி ஆண்டு. சிங்கப்பூரின் 2023 வேலைவாய்ப்பு ஆய்வில் புதிய பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) 4,313 வெள்ளி, பாலி முடித்தவர்களுக்கு 2,800. மாதம் 1,513 வித்தியாசம். கட்டணம் ஆண்டுக்கு 8,000 என்று வைத்தாலும் இரண்டே ஆண்டில் போட்ட காசு வந்துவிடாதா?

கணக்கன்: வராது அண்ணே. படிக்கும் நான்கு ஆண்டும் கைக்கு வராத சம்பளத்தை விட்டுவிட்டீர்கள். வேலைக்குப் போனால் 2,800இல் தொடங்கி நான்காம் ஆண்டில் 3,300 ஆகும் என்று வைப்போம் (என் அனுமானம்தான்). சராசரி 3,050, 48 மாதத்துக்கு 146,400. கட்டணம் 32,000 சேர்த்தால் 178,400. அவள் பட்டம் வாங்கும்போது ஒப்பிட வேண்டியது 2,800 அல்ல, 3,300. மாத வித்தியாசம் 1,013 ஆகிவிடும். அப்படியே நின்றால் மீட்கக் கிட்டத்தட்ட 15 ஆண்டு. பட்டதாரி சம்பளம் வேகமாக ஏறினால் குறையும், ஏறாத துறையும் உண்டு. இதில் முதலாளி போடும் 17 விழுக்காடு சிபிஎஃப் (மத்திய சேமநிதி) இல்லை. இரு பக்கமும் சேர்த்தால் விடை பெரிதாக மாறாது.

தெம்பனிஸ் அக்கா: 4,313 எல்லாத் துறையும் கலந்த எண். ஆய்வு அட்டவணையில் அவள் சேரப்போகும் படிப்பின் வரிசையைப் பாருங்கள். அதில் 25ஆம் சதமானம் (கால்வாசிப் பேர் இதற்குக் கீழேதான் வாங்குவார்கள்) என்றொரு கட்டம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னொன்று, சம்பளக் கணக்கில் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் மட்டுமே. பகுதிநேரம், ஃப்ரீலான்ஸ், வேலை தேடுபவர்கள் அதில் வரமாட்டார்கள். தனியார் கல்வி நிலையப் பட்டத்துக்கு இந்த எண்ணைக் கொண்டுபோய்ப் பொருத்தவே கூடாது.

ஈசூன்வாசி: சரி, படிக்க வைத்தால் பணத்தை எங்கிருந்து எடுப்பது? என் சிபிஎஃப்பிலிருந்தா?

கணக்கன்: முதலில் கட்டணக் கடன், அதாவது பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு வங்கி வழியாகக் கிடைக்கும் கடன். மானியம் போக வரும் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருவார்கள், படிக்கும்வரை வட்டி இல்லை. உங்கள் சேமநிதியிலிருந்து எடுக்கும் சிபிஎஃப் கல்விக் கடனுக்கு எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு ஓடும், திருப்பிக் கட்டுவதும் மகளின் பொறுப்பு. பட்டம் வாங்கியதும் கட்டணக் கடனில் முடிந்ததைக் கட்டிவிட்டால் வங்கி வட்டியின் பெரும்பகுதி தப்பும். சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள், அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

தெம்பனிஸ் அக்கா: அதே துறையில் தொடர்ந்தால் எந்தப் பாடங்களுக்கு விலக்கு என்று இடத்தை ஏற்குமுன் எழுத்தில் கேளுங்கள். ஒரு செமஸ்டர் குறைந்தாலே, சம்பளமும் சேர்த்து 20,000 வெள்ளிக்கு மேல் மிச்சம். படிப்பில் ஆர்வம் அரைகுறை என்றால் வேலைக்குப் போய்க்கொண்டே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரம் படிக்கலாம். சம்பளம் நிற்காது. ஆனால் இரவு வகுப்பு, ஷிஃப்ட் வேலை இரண்டும் ஒத்துவராது, அதை இப்போதே யோசித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.