வெளியூர் நேர்காணல்: பயணச் செலவைக் குறைக்க என்ன செய்யலாம்?

கேள்வி (வேலை தேடுபவர்)

வணக்கம். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் நேரில் வரும்படி 3 நிறுவனங்கள் அழைத்துள்ளன. மூன்றும் வெளியூர்களில் இருக்கின்றன, அவற்றில் இரண்டு அடுத்தடுத்த ஊர்கள். சென்ற மாதம் இப்படி ஒரு நேர்காணலுக்குப் போய்வந்ததிலேயே கையிருப்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அங்கே என்னிடம் பேசியதோ 20 நிமிடம்தான். குறைந்த கட்டணத்தில் சீட்டு வாங்கும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செலவை நிறுவனமே தருமா என்று கேட்கலாம்தான், ஆனால் கேட்டால் வாய்ப்புக் கெட்டுவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில் 1 (ஆளெடுப்புப் பிரிவில் இருந்தவர்)

சீட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள், ஏனெனில் பெரிய மிச்சம் அங்கேதான் இருக்கிறது. பயணப்படி விஷயத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு: சில எதுவும் தருவதில்லை, சில இறுதிச் சுற்றுக்கு மட்டும் தருகின்றன, சில ஓர் உச்சவரம்பு வரை தருகின்றன, சில தாங்களே சீட்டு எடுத்து அனுப்பிவிடுகின்றன. நேர்காணல் நடத்துபவரிடம் இதைக் கேட்காதீர்கள். தேதி குறித்து உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவரிடம் கேளுங்கள். “நேரில் வர ஆவலாக உள்ளேன். வெளியூரிலிருந்து வருவதால், பயணச் செலவு தொடர்பான தங்கள் நடைமுறையைத் தெரிவித்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வேன்” என்று எழுதினால் போதும். இப்படிக் கேட்டதற்காக எவரையும் நாங்கள் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், வந்த இடத்தில் டாக்சி ரசீதுகளைக் கத்தையாக நீட்டியவர்களைப் பார்த்து முகம் சுளித்ததுண்டு.

அதே மின்னஞ்சலில் இன்னும் இரண்டைக் கேட்டுவிடலாம். முதல் சுற்றைக் காணொளி வழியாக நடத்த முடியுமா, முடியாதென்றால் எல்லாச் சுற்றுகளையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாமா? ஒரு சுற்றுக்குப் போய்த் திரும்பி, அடுத்த வாரம் மறு சுற்றுக்கு அதே ஊருக்கு ஓடுவதைப்போல் வீண் செலவு வேறில்லை. பணம் தருவதாகச் சொன்னால் அந்த ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். போர்டிங் பாஸ் உட்பட எல்லா ரசீதுகளையும் அன்றன்றே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால், கடன் அட்டையில் செலவழித்துவிட்டு வட்டி கட்டும் நிலைக்குப் போகாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: தாங்கள் குறிப்பிடும் முகவரிடம்தான் சீட்டு வாங்க வேண்டும், பணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு திருப்பித் தருவோம் என்று எவரேனும் சொன்னால், அது மோசடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பதில் 2 (அடிக்கடி பயணிப்பவர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் “குறைந்த கட்டணச் சீட்டு” என்ற சொல்லில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். விடுதி வாடகையை மிச்சப்படுத்த எண்ணி, நேர்காணலுக்கு 2 மணி நேரம் முன்னதாக ஊர்போய்ச் சேரும் இரவுப் பேருந்தில் ஏறினேன். வழியில் பேருந்து பழுதாகி நின்றது. கசங்கிய சட்டையுடன் 40 நிமிடம் தாமதமாகப் போய் நின்றபோது, வரவேற்பு மேசையில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்த பார்வையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. இரவுப் பயணம் நல்ல வழிதான், விடுதிச் செலவு மிச்சம்தான்; அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது முந்தைய நாள் மாலையே போய்ச் சேர்ந்து, அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கினால், அறை வாடகை சற்றுக் கூடினாலும் காலையில் வாடகை வண்டிக்குக் கொடுப்பது குறையும். ஊருக்கு வெகு தொலைவில் இருக்கும் விமான நிலையத்துக்கு மலிவாகச் சீட்டு எடுப்பவர்களும், அங்கிருந்து உள்ளே வர ஆகும் செலவைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பதில் 3

விமானத்தில் போவதானால் ஒன்றைக் கவனியுங்கள். இருவழிப் பயணத்தை ஒரே சீட்டாக எடுத்துவிட்டு, போகும் விமானத்தில் ஏறாமல் விட்டால், திரும்பும் சீட்டையும் பல விமான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். நேர்காணல் தேதிகள் அடிக்கடி மாறுவதால், கட்டணம் திரும்பக் கிடைக்காத சீட்டை எடுக்கும் முன் தேதி மாற்றத்துக்கு என்ன கட்டணம் என்று பாருங்கள். நேர்காணல் உடுப்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பெட்டிக்கான கட்டணமும் மிச்சம், பெட்டி வராமல் போனாலும் கவலையில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மூன்று நிறுவனங்களுக்கும் எழுதினேன். ஒரு நிறுவனம் முதல் சுற்றைக் காணொளிக்கு மாற்றிவிட்டது. அடுத்தடுத்த ஊர்களில் இருக்கும் மற்ற இரண்டும் செவ்வாய், புதன் என அடுத்தடுத்த நாள்களைக் கொடுத்திருக்கின்றன. இரண்டுமே பயணப்படி தருவதாகவும் சொல்கின்றன. ஒரே பயணத்துக்கு இருவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாமா?

பதில் 1 (ஆளெடுப்புப் பிரிவில் இருந்தவர்)

கூடாது. ஒரே சீட்டைக் காட்டி இரண்டு இடத்தில் பணம் வாங்குவது ஏமாற்று. தெரியவந்தால் கிடைக்கவிருக்கும் வேலையும் போய்விடும். இன்னொரு நேர்காணலும் இருப்பதால் பொதுவான செலவில் பாதியை மட்டும் கோருகிறேன் என்று இருவருக்கும் எழுதிவிடுங்கள். அந்த இன்னொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.