கல்யாணமும் எருது விடும் விழாவும்: 24-ஆ, 25-ஆ, 60-ஆ?

அணைக்கட்டு தம்பி:
அண்ணன்களுக்கு வணக்கம். கல்யாண வீடியோ எடுக்கிறேன், தை பிறந்தால் எருது விடும் விழாக்களும் வரும். கேமரா சோனி ஏ7 மார்க் 3, மெனுவில் என்டிஎஸ்சி (விநாடிக்கு 24, 30, 60 ஃபிரேம் தரும் டிவி முறை). போன வாரம் ஒரு மண்டபத்தில் முகூர்த்தத்தை 24-ல் எடுத்தேன், ஷட்டர் 1/50 விநாடி. ரிசப்ஷனில் ஸ்லோ மோஷன் வேண்டும் என்று 60 வைத்து, ஷட்டரை 1/125 ஆக்கினேன். கூட வந்த நண்பன் போனில் 30. இப்போது 60 கிளிப்பில் மட்டும் மேடை முழுக்கக் கருப்புக் கோடு ஓடுகிறது. போன் ஷாட்டில் கேமரா திரும்பும்போதெல்லாம் படம் விக்குகிறது. யூடியூபில் 24-தான் சினிமா லுக் என்கிறார்கள், ஸ்டுடியோ ஓனர் 25 என்கிறார். எடிட் செய்யும் ரெசல்வ் மென்பொருளில் டைம்லைனை எதில் வைப்பது?

சத்துவாச்சாரி வீடியோக்காரன்:
தம்பி, கோடு விழுந்ததற்கு 60 காரணம் இல்லை, 1/125-தான் காரணம். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுழியைத் தொடுவதால் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி எழும். ஷட்டர் 1/100 என்றால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வரும், 1/50 என்றால் இரண்டு. எல்லா ஃபிரேமிலும் வெளிச்சம் ஒரே அளவு. 1/125-ல் முக்கால் துடிப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், அதனால் ஒரு வரிசை இருட்டு, ஒரு வரிசை வெளிச்சம். அதே 60-ல் 1/100 வைத்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பாய். முகூர்த்தத்தில் கோடு இல்லாததும் 1/50-ஆல்தான், 24-ஆல் இல்லை.

பழைய குண்டு பல்பில் இழை சூடாகவே இருக்கும், இவ்வளவு தெரியாது. இப்போது டெகரேஷன்காரர்கள் கட்டும் மலிவான எல்இடி சீரியல் செட் சுத்தமாக அணைந்து அணைந்து எரிகிறது. மேடையில் வைக்கும் எல்இடி வால் (பெரிய திரை) வேறு கதை. அது படத்தைப் புதுப்பிக்கும் வேகம் (ரெஃப்ரெஷ்) வேறு, கரண்ட் கணக்கு அங்கே செல்லாது. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்பே போய் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் திரையை ஃபோகஸுக்கு வெளியே தள்ள வேண்டும்.

ஓனர் சொல்லும் 25-க்குத்தான் என் ஓட்டும். மினி டிவி (MiniDV) கேசட் காலத்தில் நான் இங்கே வாங்கிய கேமரா எல்லாம் பால் (PAL, விநாடிக்கு 25 ஃபிரேம் டிவி முறை) சிஸ்டம், யாரும் இதைப் பேசியதே இல்லை. மெனுவைப் பாலுக்கு மாற்று, 25, 50, 100 கிடைக்கும். 25-க்கு 1/50, 50-க்கு 1/100. ‘ஃபிரேம் ரேட்டுக்கு இரண்டு மடங்கு ஷட்டர்’ என்ற விதியும் நம்ம ஊர் லைட்டும் அங்கே தானாகவே ஒத்துப்போகிறது. 24-க்கும் 25-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. சினிமா லுக் லைட்டிங்கில் இருக்கிறது.

ஆம்பூர் எடிட்டர்:
டைம்லைன் கேள்விக்கு நான். கையில் இருக்கும் இந்த வேலையை 25-க்கு இழுக்காதீங்க. முகூர்த்தம் எந்த ரேட்டோ அதுவே டைம்லைன். சோனியில் 24 என்று காட்டுவது உண்மையில் 23.976. டைம்லைனையும் 23.976 என்றே வையுங்க. கிளிப்பை 24 என்று மாற்றிச் சொல்லிவிட்டு, தனி ரெக்கார்டரில் எடுத்த நாதஸ்வரத்தைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகும். கெட்டிமேளம் ஒரு பக்கம், தாலி ஒரு பக்கம்.

60 கிளிப்பை ரெசல்வின் கிளிப் ஆட்ரிபியூட்ஸில் (கிளிப்பின் அமைப்புகளில்) 23.976 ஆக்கினால் 40 சதவீத வேகம், ஒரு ஃபிரேமும் வீணாகாமல் வழுவழுப்பாக ஓடும். போனின் 30-தான் தலைவலி: ஐந்தில் ஒரு ஃபிரேமை மென்பொருள் தூக்கிப் போடும், அதுதான் அந்த விக்கல். அசையாத ஷாட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்க. போன்கள் ரேட்டை நடுநடுவே மாற்றிக்கொள்ளும் என்பதால், முதலில் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட் ஆக்கிவிட்டுக் கொண்டுவருவது நல்லது. கோடு விழுந்த கிளிப்புக்கு ரெசல்வ் ஸ்டுடியோவில் டீஃபிளிக்கர் (மினுக்கத்தைக் குறைக்கும் வசதி) இருக்கு, இலவசப் பதிப்பில் இல்லை. ஓரளவுதான் சரியாகும். இன்னொன்று, கிளிப்பை உள்ளே போட்ட பிறகு புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது.

காட்பாடி ஜங்ஷன்:
இவ்வளவு கணக்கு எதுக்கு? நான் எல்லாத்தையும் 50-ல் எடுத்துடுவேன். வேணும்னா ஸ்லோ, வேணாம்னா அப்படியே.

சத்துவாச்சாரி வீடியோக்காரன்:
பகலில் செய்யுங்க சார். ரிசப்ஷனில் 1/50-லிருந்து 1/100-க்குப் போனால் பாதி வெளிச்சம் போச்சு, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) இரட்டிப்பாக்கணும், பட்டுப்புடவையின் கருநீலத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் நிற்கும். அதோடு 1/100-ல் எடுத்ததை 25-ல் சாதாரண வேகத்தில் ஓட்டினால் அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். மெதுவாக்கப் போகிறோம் என்று தெரிந்த ஷாட்டை மட்டும் 50-ல் எடுப்பதுதான் எனக்குப் பழக்கம்: அட்சதை, மாலை மாற்றுவது, கல்யாணப் பெண் படியிறங்குவது.

எருது விடும் விழா இதற்கு நேர் எதிர். வெயில், லைட் தொல்லை இல்லை, 50 அல்லது 100 தாராளமாக வை. காளை விநாடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள். 25-ல் ஒரு ஃபிரேமுக்கு 40 சென்டிமீட்டர் தாண்டிவிடும். 1/50 ஷட்டரில் 20 சென்டிமீட்டர் தூரம் காளை தேய்ந்து தெரியும். நான் 100 வைத்து, ஷட்டர் 1/500-க்குக் கீழே இறக்க மாட்டேன். புழுதி தனித்தனியாகத் தெறிப்பது அப்போதுதான் தெரியும். காளைக்காரர்கள் கேட்பதும் அதைத்தான். கூட்டம் கத்துவது, பரிசு கொடுப்பது எல்லாம் 25 போதும். அப்புறம், எந்தக் காளை எத்தனை விநாடி என்ற சண்டைக்கு உன் வீடியோவைக் கேட்பார்கள். கமிட்டி கடிகாரம்தான் கணக்கு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்.

அணைக்கட்டு தம்பி:
நன்றி அண்ணா. இந்த வேலை 23.976, அடுத்ததிலிருந்து பால். நண்பனோடது ஐபோன், அதில் 25 வருமா? கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால்?

சத்துவாச்சாரி வீடியோக்காரன்:
வரும். செட்டிங்ஸில் கேமரா, ரெக்கார்ட் வீடியோ, அதில் ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ ஆன் செய்யச் சொல். ஆண்ட்ராய்டு என்றால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், போன் அதற்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்துக்கொள். ஜெனரேட்டர் சரியாக 50-ல் நிற்காது, லோடு ஏற இறங்க அதுவும் ஆடும். 1/50-லேயே லேசான அலை தெரிந்தால் பயப்படாதே, 1/100-க்குப் போகாமல் 1/50-ஐப் பிடித்துக்கொள். 1/100-ல் அலை போகாது, வெளிச்சம்தான் பாதியாகும். உன் வீடியோ லைட்டை மட்டும் பேட்டரியில் ஓட்டு.