டைட்ஸோடு பூசைக்குப் போன அன்று… உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

கிருஷ்ணகிரி ஓட்டக்காரி
காலோடு ஒட்டிய டைட்ஸில் காலையில் ஓடி முடித்து, நேராக எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஆறு மணிப் பூசைக்குப் போகிறவள் நான். ஸ்கூட்டி டிக்கியில் மேலே சுற்றிக்கொள்ள ஒரு பாவாடை எப்போதும் இருக்கும். அன்று அது துவைக்கப் போயிருந்தது. ஒரு நாள்தானே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம் என்று உள்ளே போய்விட்டேன்.

நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பில் துண்டைச் சுற்றியது. திரும்பினால் எழுபது வயதுப் பாட்டி. தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, துண்டின் இரண்டு முனையையும் சேர்த்துக் குத்தினார். விரல் நடுங்கியதால் முதல் தடவை மாட்டவில்லை. வரிசை நகர்கிறது, நான் நகர முடியவில்லை. "ஒண்ணுமில்ல கண்ணு, போ" என்றார். ஆமென் சொல்லக்கூட எனக்குக் குரல் வரவில்லை. அவமானப்படுத்தினாரா, அன்பாகச் செய்தாரா? மூன்று மாதமாக இதே யோசனை.

தருமபுரி அப்பா
என் மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம். அரங்கத்தில் எடுத்த படத்தை எங்கள் அன்பியம் (பங்கின் சிறு குழு) வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்னால், ஷார்ட்ஸ் தெரியாதபடி நான்தான் வெட்டினேன். முகமும் மெடலும் மட்டும். பாராட்டு குவிந்தது. ராத்திரி அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "கால் எங்கப்பா? ஓடினது காலுதானே" என்றாள். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வார்களோ என்று நானே பயந்துகொண்டேன். அதுதான் உறுத்துகிறது.

மறைக்கல்வி ஆசிரியர்
முதல் பதிவுச் சகோதரிக்கு: பாட்டி செய்தது சரி. எனக்கும் ஒரு முறை நடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை லெக்கிங்ஸில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க வந்தாள், வேறு பிள்ளையை அனுப்பினேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் சில விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2521 முதல் 2524 வரை எடுத்துப் படியுங்கள். மறைவாக இருக்க வேண்டியதை வெளிக்காட்ட மறுப்பது அடக்கம், உடையைத் தேர்ந்தெடுப்பதிலும் அது வழிகாட்டும் என்கிறது. பவுலடியாரும் பெண்கள் அடக்கத்தோடு உடுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார், 1 திமொத்தேயு 2:9. 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரும் (பயஸ்) ஆடை அலங்காரம் பற்றித் தனியாக உரையாற்றினார். ஓடுவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. தொடை மூடும் நீளத்தில் டீ ஷர்ட் போடலாம். தளர்வான ட்ராக் பேண்ட் போடலாம். வண்டியில் ஒரு சுடிதார் டாப் வைத்துக்கொள்ளலாம். கோயிலுக்கு அரை மணி முன்னாலேயே ஓட்டத்தை முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து…

ஓசூர் பி.டி. டீச்சர்
ஐயா, அதே 2524ஐ முழுசாகப் படியுங்கள். அடக்கத்தின் வடிவம் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்றும் அங்கேதான் இருக்கிறது. திமொத்தேயுவில் பவுல் பெயர் சொல்லி வேண்டாம் என்பது சடைப்பின்னல், தங்கம், முத்து, விலையுயர்ந்த ஆடை. திருவிழா அன்று பட்டுப்புடவையும் ஆரமுமாக வருகிறவர்கள் இடுப்பில் யாராவது துண்டு சுற்றினோமா?

தளர்வான பேண்ட் போட்டு நீங்கள் ஒரு நாள் பத்து கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். வேர்வையில் துணி நனைந்து தொடை உரசி, தோல் உரிந்து, மறுநாள் நடக்க முடியாது. டைட்ஸ் அதற்குத்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் காஸ்டல் கந்தோல்போ கோடை மாளிகையில் நீச்சல் குளம் கட்டிக்கொண்டார், அங்கி போட்டா நீந்தினார்?

இன்னொரு பக்கமும் உண்டு. 2021இல் நார்வே பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டதற்கு 1500 யூரோ அபராதம் விதித்தார்கள். மூடினாலும் தண்டனை, மூடாவிட்டாலும் துண்டு.

என் அனுபவம் சின்னது. கபடி பயிற்சியில் ஒரு பிள்ளை பேன்ட் மேலே சுடிதார் டாப் போட்டே ஆடுவேன் என்றாள். ரெய்டில் டாப் முழங்காலில் சிக்கி விழுந்தாள், முன்பல் உடைந்தது. அவள் அம்மா ஓடி வந்து ரத்தத்தைத் துடைக்கவில்லை, முதலில் டாப்பை இழுத்துவிட்டார்.

பெயர் வேண்டாம்
நான் ஆண். கோயிலில் முன் பெஞ்சுப் பெண்ணின் உடை பற்றிச் சாமியாரிடம் புகார் சொல்லப் போனேன். பொறுமையாகக் கேட்டார். "நீ எத்தனை நேரம் பார்த்தாய்?" என்றார். இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்கிற மத்தேயு 5:28 எனக்குத் தெரியாததில்லை. புகார் சொல்லப் போனவன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தேன்.

மறைக்கல்வி ஆசிரியர்
டீச்சர், நீச்சல் குளமும் பீடமும் ஒன்றா? நான் சொன்னது கோயிலை.

ஓசூர் பி.டி. டீச்சர்
கோயிலுக்கு மட்டும் என்றால் சரி, சண்டையில்லை. ஆனால் நீங்கள் எழுதியது ட்ராக் பேண்ட் பற்றி.

கிருஷ்ணகிரி ஓட்டக்காரி
ஐயா, டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. பாவாடை திரும்ப டிக்கிக்கு வந்துவிட்டது. போன வாரம் துண்டைத் துவைத்து மடித்து, ஊக்கையும் அதிலேயே குத்தி எடுத்துப் போனேன். பாட்டி துண்டை வாங்கிக்கொண்டார். ஊக்கை மட்டும் கழற்றி என் கையில் திணித்து, "ஓடுறப்ப எதாவது அறுந்துச்சுன்னா?" என்றார்.