காதில் கேட்கும் குரல்களுக்குக் காந்தத் தூண்டல்: வழக்கமான சிகிச்சையாக்கலாமா?

கயல்:
என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மற்ற மருந்துகள் பலிக்காதபோது தரும் குளோசபின் எடுத்தும், யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்கள் முழுதாக அடங்கவில்லை. பொழுது சாய்ந்தால் வானொலிப் பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு அந்த ஏச்சுப்பேச்சை மூழ்கடிக்கப் பார்க்கிறான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மனநல மருத்துவர் ரால்ஃப் ஹாஃப்மன், தலைக்கு வெளியிலிருந்து மூளைக்குக் காந்தத் துடிப்புகளை அனுப்பும் சுருளை இடக்காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக வைத்து, நொடிக்கு ஒரு துடிப்பாகத் தூண்டியபோது குரல்கள் குறைந்ததை 2000-ஆம் ஆண்டில் 12 நோயாளிகளிடம் காட்டினார். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு இதை ஏன் இன்னும் தயங்காமல் தரக்கூடாது?

தென்னவன்:
உங்கள் தம்பி படும் பாடு புரிகிறது. ஆனால் 12 பேரிடம் கண்டது பெரிய சோதனைகளில் நிலைக்கவில்லை. நெதர்லாந்தில் 62 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான சோதனையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிகிச்சைபோலவே பாவனை செய்து தரும் போலித் தூண்டல் பெற்றவர்களைவிட மெய்யான தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. ஜெர்மனியில் 175 பேருக்கு, ஒதுங்கிப்போதல், ஊக்கமின்மை போன்ற அறிகுறிகளுக்காக நெற்றிப்புற மூளையில் 10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 துடிப்பு) தூண்டல் மூன்று வாரம் தரப்பட்டது; 2015-இல் வெளியான முடிவின்படி இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முன்னேறினார்கள்.

கயல்:
ஜெர்மானியச் சோதனை வேறு அறிகுறிக்கானது. அதை வைத்துக் குரல்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலும், ஒவ்வொருவர் மூளையிலும் குரல் எழும் இடம் வேறுபடும் அல்லவா? தவறான இடத்தில் சுருளை வைத்துவிட்டுச் சிகிச்சையைக் குறை சொல்வது நியாயமா?

தென்னவன்:
முதல் கருத்தை ஏற்கிறேன். இரண்டாவதற்கு அந்த நெதர்லாந்துச் சோதனையே விடை சொல்கிறது: ஒரு பிரிவினருக்கு, குரல் கேட்கும் வேளையில் மூளையின் எப்பகுதி இயங்குகிறது என்பதை ஸ்கேனில் கண்டறிந்து, அதே இடத்தில் தூண்டினார்கள். அப்போதும் வேறுபாடு தெரியவில்லை.

மருதாணி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மனச்சோர்வுக்காக இச்சிகிச்சை பெற்றவள் நான். சுருள் ஒவ்வொரு முறையும் சுத்தியல் தட்டுவதுபோல் ஒலிக்கும், நெற்றித்தோல் வெட்டி இழுக்கும். சுருளைச் சாய்த்துப் பிடித்துத் தரும் போலித் தூண்டலில் ஒலி இருக்கும், இழுப்பு குறைவாகவே இருக்கும். ஆகவே எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று நோயாளி ஊகித்துவிடலாம். அது பழைய நல்ல முடிவுகளையே ஐயத்துக்குள்ளாக்குகிறது.

கயல்:
பிரான்சில் 2018-இல் வெளியான சோதனையில் இரண்டே நாட்களில் 20 ஹெர்ட்ஸ் தூண்டல் தந்தார்கள். இரண்டாம் வாரத்தில் மூன்றில் ஒருவருக்குக் குரல்கள் தெளிவாகக் குறைந்தன, போலிக் குழுவில் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

தென்னவன்:
அது அறுபது பேர்கூட இல்லாத சோதனை. வேறோரிடத்தில் மீண்டும் செய்து பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, குளோசபினே வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் மருந்து, வேகமான தூண்டலுக்கும் அந்த அபாயம் சிறிதளவு உண்டு. ஆகவே தம்பிக்குக் கட்டணம் செலுத்திச் சிகிச்சையாக வாங்காதீர்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் பெற்ற சோதனையில், அவர் உட்கொள்ளும் மருந்தின் அளவைச் சொல்லிச் சேருங்கள்.

கயல்:
சோதனையில் சேர அவனே சம்மதித்தால் அழைத்துப்போவேன். போலிக் குழுவில் விழுந்தவர்களுக்குப் பின்னர் மெய்யான தூண்டல் தருவார்களா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திடுவோம்.