படுக்கை காலியாகும் வரை: அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்தவர்களின் அனுபவங்கள்

தென்மாவட்டத்திலிருந்து ஒருவர்:

குளியலறையில் வழுக்கி விழுந்த என் தந்தையை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி, மாலையில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். வாசலிலேயே நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்த செவிலியர், அவரை மஞ்சள் பிரிவில் சேர்த்தார். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவர்களுக்குப் பச்சை. எங்களுக்குப் பின்னால் வந்த, தலையில் அடிபட்ட இளைஞரை முதலில் உள்ளே அழைத்துச் சென்றபோது சிலர் சத்தமிட்டார்கள். எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை.

வலிக்கு ஊசி, எக்ஸ்ரே எல்லாம் நான் அஞ்சிய அளவுக்குத் தாமதமாகவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, வார்டில் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் உண்மையான காத்திருப்பு தொடங்கியது. வார்டில் படுக்கை இல்லாததால் விடியும் வரை அவர் அதே ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். ஸ்ட்ரெச்சர்கள் இப்படி முடங்கிப் போனதால், அடுத்து வந்த ஆம்புலன்ஸ் தன் நோயாளியை இறக்க வழியின்றி வாசலிலேயே நின்றது.

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்:

இது எங்களுக்கு அன்றாடம் நடந்ததுதான். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் வருபவர்களால்தான் நெரிசல் என்று பலரும் சொல்வார்கள். புறநோயாளிப் பிரிவு நண்பகலோடு முடிந்துவிடுவதால் அவர்கள் மாலையில் எங்களிடம் வருவது உண்மையே. ஆனால் அவர்கள் ஓர் ஊசியும் மாத்திரையுமாகப் போய்விடுவார்கள், ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொள்வதில்லை.

இடம் அடைபடுவது வார்டுக்குப் போக வேண்டியவர்கள் போக முடியாததால்தான். மூத்த மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்து, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி, காப்பீட்டுத் தாள்கள் கையெழுத்தாகிப் படுக்கை காலியாவதற்குள் பிற்பகலாகிவிடும். முந்தைய இரவு வந்தவர் அதுவரை எங்கள் பொறுப்பில்தான் இருப்பார். அவருக்கு வேளைக்கு மருந்து கொடுப்பதும், புதிதாக வருபவரைப் பரிசோதிப்பதும் ஒரே செவிலியரின் வேலையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்சார்ஜ் குறைவு என்பதால் திங்கட்கிழமையைக் கண்டாலே எங்களுக்குக் கலக்கம்.

இங்கிலாந்திலிருந்து ஒருவர்:

இங்கும் இதே கதைதான். அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் 98 விழுக்காட்டினரை நான்கு மணி நேரத்துக்குள் வார்டுக்கோ வீட்டுக்கோ அனுப்ப வேண்டும் என்பது 2004இல் நடைமுறைக்கு வந்த இலக்கு. 2010இல் அதை 95 விழுக்காடாகக் குறைத்தார்கள். 2015க்குப் பிறகு நாடு முழுமைக்குமாக ஒரு மாதம்கூட அது எட்டப்படவில்லை. உடல் தேறிய முதியவர்களைக்கூட, வீட்டில் பராமரிக்க ஏற்பாடு இல்லாததால் வார்டிலிருந்து அனுப்ப முடிவதில்லை. நுரையீரல் அழற்சியோடு சென்ற என் மாமியார், தாழ்வாரத்தில் ட்ராலியில் படுத்தபடியே இரவைக் கழித்தார். சேர்க்க முடிவெடுத்த பிறகும் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று மாதந்தோறும் வெளியிடுகிறார்கள். அந்தக் கணக்கில் அவரும் ஒருவர்.