வேதாரண்யம் உப்பு நடைப்பயணப் பாதை: போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைக்கோட்டைவாசி:

2019 ஏப்ரலில் நானும் நண்பனும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு சைக்கிளில் போனோம். 1930 ஏப்ரல் 13 அன்று, ஜாலியன்வாலா பாக் நினைவு நாளில், பிரிட்டிஷ் அரசின் உப்புச் சட்டத்தை மீறுவதற்காக ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியில் காங்கிரஸ் தலைவர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பிய பாதை அது. கோவிலடி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு சைக்கிளில் மூன்று நாள். அதற்கே தொடை கழன்றுவிட்டது.

திருவையாறு தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னோம். சிரித்துவிட்டு, "தம்பி, மேல பாருங்க" என்றார். பார்த்தோம், கிளைதான் தெரிந்தது.

அவருடைய அம்மா அப்போது பாவாடை கட்டிய சிறுமியாம். தொண்டர்களுக்கு சோறோ இடமோ கொடுத்தால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஊர் ஊராகத் தண்டோரா போட வைத்திருந்தார். வீட்டில் கூப்பிட்டு இலை போட்டால்தானே குற்றம்? பொட்டலமாகக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டார்கள். "பறவைக்குக் கட்டினோம்னு சொன்னா யாரு என்ன பண்ண முடியும்? எங்கம்மாதான் மரத்துல ஏறுச்சு. அப்பறம் தாத்தாகிட்ட அடியும் வாங்குச்சு, பொம்பளப் புள்ள மரம் ஏறலாமான்னு."

அந்த அடிதான் எனக்கு மறக்கவே இல்லை. கலெக்டருக்குப் பயப்படாத வீட்டில் அதற்கு மட்டும் அடி!

கும்பகோணத்துக்காரி:

அண்ணா, தப்பா நினைக்காதீங்க, அதே கதையை நான் வலங்கைமான் பக்கமும் கேட்டிருக்கேன். அங்கே ஆலமரம். எந்த ஊருக்குப் போனாலும் "எங்க மரம்தான்" என்பார்கள். ஆற்றங்கரை மணலில் சோற்றுப் பானையைப் புதைத்து வைத்த கதையும் உண்டு. எல்லா மரமும் நிஜமாக இருக்க முடியாது. ஆனால் 15 நாளும் 100 பேர் பட்டினி கிடக்காமல் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மரம் அதற்குப் போதாது இல்லையா?

மலைக்கோட்டைவாசி:

அதுவும் சரிதாம்மா. ஒரே மரம்னு நான் சண்டைக்கு வரல.

வேதாரண்யத்துக்காரன்:

எங்க ஊருக்கு வர்றவங்க அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணைப் பார்த்துட்டு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க. ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானது அங்கேதான். இடம் கொடுத்து உதவிய வேதரத்தினம் பிள்ளையின் சொத்து பறிபோனது. அவர் 1946-ல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது, அதையும் பாருங்க.

நான் சொல்ல வந்தது வைரப்பன் பற்றி. நாவிதர். போராட்டக்காரர்களைப் பிடிக்கும் போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று இருந்தவர். ஒருநாள் சவரம் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததாம். பாதி முகத்தோடு நிறுத்திவிட்டார். கோர்ட்டில் மீதியையும் முடிக்கச் சொன்னதற்கு, பெட்டியை நீதிபதி பக்கம் நகர்த்தி "நீங்களே பண்ணிவிடுங்க" என்றாராம். எங்கள் ஊரில் முடிவெட்டப் போனால் இந்தக் கதை இலவசம். சின்ன வயதில் எனக்கு வெட்டிவிடும் அண்ணன் "பாதி முகத்தோடு" என்ற இடம் வரும்போது கத்தரியை நிறுத்திவிட்டு என்னைக் கண்ணாடியில் பார்ப்பார். என் தலையும் பாதிதான் முடிந்திருக்கும். வைரப்பனுக்கு ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

இன்னொன்று. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவிடம் இந்தப் போராட்டம் பற்றிக் கேட்டேன். "அவங்க ஒரு பிடி அள்ளினாங்க, நாங்க தினம் அள்ளுறோம்" என்றார். கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. அவர் காலில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்துக்காரி:

அந்த அக்கா சொன்னதை நானும் நினைச்சுட்டே இருப்பேன். அண்ணே, இந்த ஏப்ரலில் குடும்பத்தோடு வரலாமா?

வேதாரண்யத்துக்காரன்:

தாராளமா வாங்க. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 முதல் மறுபடி ரயில் ஓடுது. உப்பளத்துக்குக் காலை எட்டு மணிக்குள் போயிடுங்க. அப்புறம் வெள்ளையா அடிக்கிற கூச்சத்துல கண்ணைத் திறக்க முடியாது.