காரின் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்றலாமா?

கேள்வி

எட்டு ஆண்டுகள் ஓடிய என் காரில் ஏசி இப்போது சரியாகக் குளிர்வதில்லை. கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் ‘டக்’ என்று பிடித்து, நாலைந்து விநாடிகளில் விட்டு, மறுபடியும் பிடிக்கிறது. ஆர்134ஏ என்னும் ஏசி கேஸ் அடைத்த கேனும், அழுத்தம் காட்டும் கேஜும் வாங்கி வைத்திருக்கிறேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது கேஜை மாட்டினால் 95 பிஎஸ்ஐ காட்டுகிறது. அப்படியானால் கேஸ் நிறைந்திருக்கிறது என்றுதானே பொருள்?

மறுமொழி 1

அப்படிப் பொருள் கொள்ள வேண்டாம் ஐயா. குழாய்களுக்குள் சிறிதளவு கேஸ் திரவமாக எஞ்சியிருக்கும் வரை, எஞ்சின் ஓடாத நிலையில் கேஜ் காட்டுவது கேஸின் அளவை அல்ல, வெப்பநிலையைத்தான். 30 டிகிரி செல்சியஸில் 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கும். கிளட்ச் அடிக்கடி பிடித்து விடுவது கேஸ் குறைந்ததற்கான வழக்கமான அறிகுறி: கம்ப்ரசர் இழுத்தவுடன் லோ சைடில் (கேஸ் கம்ப்ரசருக்குள் நுழையும் பக்கத்தில்) அழுத்தம் விழுந்துவிடுவதால் பிரஷர் சுவிட்ச் அதை நிறுத்திவிடுகிறது.

மறுமொழி 2

ஏற்றுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள். பெட்ரோலைப்போல் கேஸ் எரிந்து தீர்வதில்லை. ரப்பர் ஹோஸ்கள் வழியே ஆண்டுதோறும் சிறிது வெளியேறுவது இயல்புதான். அதற்கு மேல் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசிவதால், அந்த மூட்டில் தூசி பிசுபிசுப்பாக அப்பியிருக்கும். என் வண்டியில் அப்படி இருந்த கண்டென்சர் மூட்டில் சோப்பு நீரைத் தடவிக் காத்திருந்தேன். கடுகளவில் ஒரு குமிழி எழுந்து, மெல்லப் பெருத்து உடைந்து, அதே இடத்தில் மறுபடி எழுந்தது. மூட்டை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கெட்டிருந்தது. அதை மாற்றக் குழாயைக் கழற்ற வேண்டும் என்றால் பணிமனைக்கே செல்லுங்கள். இருக்கும் கேஸை இயந்திரத்தால் மீட்டெடுக்காமல் காற்றில் திறந்துவிட்டால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்குக் குறையாமல் புவியைச் சூடாக்கும். மூட்டைத் திறந்த பின் ஈரம் நீங்க வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டவும் வேண்டும்.

மறுமொழி 3

கசிவு தென்படாவிட்டால் நீங்களே ஏற்றலாம். முதலில் பானட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆர்1234ஒய்எஃப் என்னும் வேறு வகைக் கேஸின் பெயர் இருந்தால் உங்கள் கேன் அந்த வண்டிக்கு உரியதல்ல. எஞ்சினை ஓடவிட்டு, பருத்த குழாயில் உள்ள லோ சைடு வால்வில் மட்டும் மாட்டுங்கள். கேஸ் உயர் அழுத்தத்தில் வெளியேறும் ஹை சைடில் மாட்டினால் கேனே வெடிக்கக்கூடும். கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தால் திரவம் கம்ப்ரசருக்குள் புகுந்து அதைச் சேதப்படுத்தும். தராசில் கேனை எடைபோட்டு, 50 கிராம் 50 கிராமாக ஏற்றுங்கள். திரவம் −26 டிகிரியில் கொதிப்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. லோ சைடு வால்வின் மூடியைக் கழற்றியபோது உள்விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. சோப்பு நீர் விட்டதும் குமிழி வந்தது. கேனைத் திறக்காமல் வைத்துவிட்டேன். வால்வை மாற்றிய பின், ஸ்டிக்கரில் உள்ள 480 கிராமையும் பணிமனையிலேயே எடைபோட்டு ஏற்றச் சொல்லப்போகிறேன்.